மானிட்டர் ஆடக்கூடாது

"மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்னவாம்?" என்று போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத் திட்டுங்கள். நானும் அதையேதான் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டால்தானே!

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மருமகளுக்குத் தொழில் சைகை மொழிபெயர்ப்பு. காது கேளாத ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் பேசுவதை இவள் வீட்டில் இருந்தபடியே வீடியோவில் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனம் அவளைச் சோதனைக்குக் கூப்பிட்டது. மானிட்டரின் தலையில்தான் கேமரா உட்கார்ந்திருக்கிறது. மானிட்டர் ஆடினால் கேமரா ஆடும், அப்புறம் எதிர்முனையில் இருப்பவருக்கு இவள் கையும் சேர்ந்து ஆடும். அன்றைக்கு ஆடின ஆட்டத்தில், மாத்திரை போடவேண்டியது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதே அந்த மனுஷருக்குப் பிடிபடவில்லை.

"உங்க கை ரொம்ப அழகா பேசுதும்மா. ஆனா நடுநடுவுல உங்க மேஜையும் பேசுது" என்றாள் சோதனை வைத்த அதிகாரி.

இன்று மூன்று மணிக்கு மறுபடியும் சோதனை. அதுதான் கடைசி. இன்றும் படம் ஆடினால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பேச்சே கிடையாது. அவர்களுடைய அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போய், விடுதியில் தங்கி, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

போனால் என்ன என்கிறீர்களா? மாமியாருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மகன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் பையைத் தூக்கினால் இருட்டிய பிறகுதான் வீடு. பகல் முழுக்க அந்த வீட்டில் மாமியாரோடு கையால் பேச மருமகளை விட்டால் நாதியில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மேஜை ஏன் ஆடுகிறது என்பதும் ரகசியமில்லை. பக்கத்து அறையில் மாமியாரின் தையல் மிஷின் இருக்கிறது. ஏதோ கம்பெனியில் கழித்துப்போட்ட இரும்பு மிஷின். கீழே ஒரு மோட்டார் வேறு. மாடி வீடு, மரத் தளம், இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. அவர் பெடலை அழுத்தினால் மானிட்டர் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டும். இது மருமகளுக்குத் தெரியும், மகனுக்கும் தெரியும். அவரிடம் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு, மேஜைக் காலுக்கு அடியில் அட்டையும் ரப்பரும் செருகிக்கொண்டிருக்கிறார்கள்!

*

காலையிலேயே மகன் லீவு போட்டுவிட்டு ட்ரில்லிங் மிஷினோடு இறங்கிவிட்டார். மேஜையைப் பலகைத் தடுப்போடு ஒட்டித் தள்ளி, 'ட' மாதிரி வளைந்த இரண்டு இரும்பு ஆங்கிளை வைத்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போயும் போயும் அந்தத் தடுப்புல ஏன் அடிக்கிறீங்க?"

"சுவரோட சேத்துக் கட்டினா எதுவும் அசையாது. லிஃப்ட்டுக்கே அதுதான் ரூலு."

"லிஃப்ட்டுக்குப் பின்னாடி செங்கல் சுவர் இருக்கும். இது பலகை."

"பலகையும் ஒரு வகையில சுவர்தான்மா. நீ தண்ணி எடுத்துட்டு வா."

தண்ணீர் குடிக்க இல்லை. ஒரு டம்ளர் நிறைய ஊற்றி மேஜைமேல் வைத்து, அலை அடிக்கிறதா என்று பார்ப்பது லிஃப்ட்காரரின் முறை. வைத்தார். பக்கத்து அறையில் மாமியார் பெடலை அழுத்தினார். இதுநாள்வரை லேசாக நடுங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது விளிம்பைத் தாண்டி மேஜையில் சிந்தியது. மிஷின் சாய்ந்திருப்பதே அதே தடுப்பின் மறுபக்கம்தான். கெட்டிக்காரர் மேஜையைக் கொண்டுபோய் நேராக மிஷினோடு கட்டிப்போட்டிருக்கிறார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் மருமகள்.

அவர் தலையைச் சொறிந்தார். "பேசாம அம்மாகிட்ட இன்னைக்கு ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்தச் சொல்லிட்டா என்ன?" என்றார்.

"இன்னைக்குச் சொல்லிடலாம். நாளைக்கு? வேலை கிடைச்சா தினமும் நான் பகல் பூரா இங்க உக்காரணும். தினமும் போய், நீங்க சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்கன்னு சொல்வீங்களா? அவங்க தைக்காம இருப்பாங்களா?"

"அய்யோ, வேணாம்."

"அப்புறம்?"

அவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இந்தத் தொழிலுக்கெல்லாம் முந்தியது. சின்ன வயதில், அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தமும் கதவைச் சாத்துகிற சத்தமும் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கத்துவார். அம்மா இவர் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றார்?" என்று கையால் கேட்பார். "சௌக்கியமான்னு கேக்கறார்" என்று இந்தப் பொடியன் சொல்வான். அம்மா உடனே அந்த மனுஷரைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பார். சிரிக்கிறவரிடம் எத்தனை நாள்தான் கத்த முடியும்? கடைசியில் அவரும் நிஜமாகவே சௌக்கியம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, 'உன்னால் சத்தம் வருகிறது' என்று அம்மாவிடம் யாரையும் சொல்லவிட்டதில்லை இவர். பெண்டாட்டி உட்பட.

பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் பாசத்தில் செய்கிற முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

*

அந்த நேரம் பார்த்து மாமியார் டீத் தட்டோடு உள்ளே வந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பாபினில் நூல் சுற்றும்போது மாமியார் மிஷின் முன்னால் தவம் கிடக்கிற ஆள் இல்லை. பெடலின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். மிஷின் பாட்டுக்கு ஓடும், நூல் பாட்டுக்குச் சுற்றும். அன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

தட்டை மேஜைமேல் வைத்தார். இன்னொரு கையை ஊன்றினார். ஊன்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

டம்ளரைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மகன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

நேராகப் பக்கத்து அறைக்குப் போனார். மிஷின் நின்றது. திரும்பி வந்து மேஜையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு மறுபடி போய் இஸ்திரிப் பெட்டியைப் பெடல்மேல் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் கையை வைத்துப் பார்த்தார்.

கையால் பேசுவதைப் பேச்சாகத்தான் எழுதப்போகிறேன், எனக்கு வேறு வழி தெரியாது.

"என் மிஷினா?" என்றார் மாமியார்.

"இல்லம்மா, மேஜை கொஞ்சம் மட்டமான மேஜை…" என்று மகன் கையை ஆட்டினார்.

"என்னைப் பாத்துச் சொல்லு."

கையால் பேசுகிற வீட்டில் இது ஒரு கஷ்டம். தரையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.

"ஆமா. உன் மிஷின்தான்."

"எத்தனை நாளா தெரியும்?"

மகன் பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி டீயைப் பார்த்தாள்.

"முதல்லேருந்தே தெரியும் அத்தை" என்றாள் மருமகள். "சொன்னா நீங்க தைக்கறதை விட்டுடுவீங்கன்னு…"

"ஓஹோ. நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கிட்டீங்க. நான் எதுக்கு நடுவுல? அன்னைக்கு நீ சோதனை முடிஞ்சு அழுதியே, நெட்டு சரியில்லன்னு சொன்னே. நானும் நம்பி, அந்த நெட்டுக்காரனை மனசார திட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில அது நானா?"

"அம்மா, நீ கஷ்டப்படுவியேன்னுதான்…"

"எனக்குக் காதுதான்டா கேக்காது. சொன்னா புரிஞ்சுக்குவேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இனி கையைக் காலை ஆட்டி என்ன பிரயோஜனம்? மூடிய கண்ணோடே தடுப்பைத் தடவிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பலமாகத்தான் சாத்தினார். மிஷினும் நின்றுபோயிற்று.

*

அந்தக் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை. வெளியே ஒரு ஸ்விட்ச் உண்டு. அழுத்தினால் உள்ளே சிவப்பு பல்பு எரியும். மருமகள் அழுத்தினாள். நிறுத்தி நிறுத்தி அழுத்தினாள். கதவின் அடிச் சந்தில் சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சமும் மங்கிவிட்டது. பல்பின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கிறார் மகராசி!

"விடு, அம்மா கோபம் சாயங்காலம் வரைக்கும்தான்" என்றார் மகன். ஆனால் அவர் முகமும் சரியில்லை.

அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் ஒழுங்காக வேலை பார்த்தார்கள். தடுப்பில் அடித்த ஸ்க்ரூவை எல்லாம் கழற்றினார்கள். மேஜையைத் தூக்கி ஜன்னல் பக்கத்துச் செங்கல் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்கள். அறையின் நடுவில்தான் மரத் தளம் துள்ளும். சுவரோரத்தில் பலகை சுவருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருப்பதால் அவ்வளவு ஆடாது என்று மகன் காலால் குதித்துக் காட்டினார். மேஜையின் பின்னங்கால் இரண்டுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை கொடுத்து முடுக்கினார். ஆங்கிளைச் செங்கல்லில் அடித்தார்.

"இப்பவும் ஆடுதே" என்றாள் மருமகள், மானிட்டரின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி.

மானிட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு இரும்புக் கை. அதன் கிளாம்ப் மேஜை விளிம்பின் நட்டநடுவில் கவ்வியிருந்தது. கையும் முழுசாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டின கை ஆடாமல் என்ன செய்யும்?

"கையை மடக்குங்க. கிளாம்பைக் கால் இருக்கிற ஓரத்துக்குத் தள்ளுங்க."

"அப்போ நீ ஓரமா உக்காரணும்."

"உக்காந்துட்டுப் போறேன். ஓரமா இருந்தா என்ன, நேரா இருந்தா போதும்."

கிளாம்பின் வாய் பலகையைக் கடித்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு தகரத் தட்டையும் வைத்து முடுக்கினார். தட்டினாள். மானிட்டர் சும்மா நின்றது. தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார்கள். துளி அசைவில்லை.

"ஆனா மிஷின் ஓடலையே" என்றாள் மருமகள். "மிஷின் ஓடறப்போ நின்னாத்தானே நின்னதா அர்த்தம்?"

அதற்குப் பதில் சொல்லுமுன் மகனின் போன் அடித்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். லீவாவது ஒன்றாவது! பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடுகிறவர் வாசலில் திரும்பி நின்று, "நீ நல்லா பண்ணுவே. எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவு லேசில் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிற ஆள் இல்லை அவர். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

*

மூன்று மணிக்கு மருமகள் காதை மூடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார, அதிகாரி திரையில் வந்தாள். அவளோடு டாக்டராக ஒருவர், நோயாளியாக ஒருவர். நோயாளி நிஜமாகவே காது கேளாதவர். வயிற்றுவலி என்று ஆரம்பித்தார்.

முதலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. மானிட்டருக்கு இல்லை, அவளுக்கு. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்டீர்கள் என்று மூன்று கேள்வி தாண்டியதும் கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த மனுஷர் ஒருமாதிரி கோணல்மாணலாகக் கை வீசுகிறவர். மாமியாரும் கோபத்தில் அப்படித்தான் வீசுவார். அதனால் இவளுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன நேரத்தில், மருமகளின் உள்ளங்காலில் தளம் உறுமியது.

மிஷின்!

அவளுக்கு ஒரு கணம் எல்லாம் போயிற்று என்றுதான் தோன்றியது. கோபத்தில் ஓட்டுகிறாரா? மறந்து ஓட்டுகிறாரா? எழுந்துபோய்ப் பார்க்கவும் முடியாது. கண்ணைத் திரையைவிட்டு எடுக்கவும் முடியாது. காலில் ஏறின அதிர்வு முழங்கால்வரை வந்தது. திரையின் மூலையில் தெரிந்த தன் சின்னப் படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். படம் நின்றுகொண்டிருந்தது. 'பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்' என்று அவள் கை சொல்லிக்கொண்டிருந்தது. விரல் விரலாகத் தெளிவாகத் தெரிந்தது.

மிஷின் நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. மானிட்டர் அசையவே இல்லை.

கடைசியில் நோயாளியாக வந்தவர் தன் பாட்டுக்கு அவளிடம் கேட்டார், "உங்க வீட்ல யாரு காது கேக்காதவங்க?"

"எங்க அத்தை."

"தெரியுது. உங்க கையில வீடு தெரியுது" என்றார் அவர்.

அதிகாரி சிரித்தாள். "மேஜை இன்னைக்கு வாயே திறக்கலை. வாழ்த்துக்கள்மா. வர்ற மாசம் முதல் தேதியிலேருந்து வீட்ல இருந்தே பாருங்க."

திரையை அணைத்துவிட்டு மருமகள் எழுந்து, சின்னப் பெண் மாதிரி இரண்டு குதி குதித்தாள். வேலை கிடைத்ததற்கு ஒரு குதி, மிஷின் ஓடினாலும் ஆடவில்லை என்பதற்கு ஒரு குதி. இனி அத்தை பாட்டுக்குத் தைக்கலாம், இவள் பாட்டுக்குப் பேசலாம், நடுவில் டீ குடிக்கலாம். எவ்வளவு நிம்மதி! ஓடிப்போய் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள்.

அறையில் மிஷின் இல்லை.

மிஷின் நின்ற இடத்தில் நான்கு கால் தடமும், கொஞ்சம் நூல் தூசியும்தான் இருந்தன. மாமியாரையும் காணோம்.

படியில் தடதடவென்று இறங்கினாள். வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. இரண்டு பேர் மிஷினை அதில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே இறக்குமுன் நன்றாக ஓடுகிறதா என்று அறையிலேயே ஓட்டிப் பார்த்தது அவர்கள்தான். மாமியார் நல்ல புடவை கட்டி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, கயிற்று முடிச்சைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகள் அவர் முன்னால் போய் நின்றாள். "அத்தை, எங்க போறீங்க? எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. மிஷின் ஓடியும் ஆடலை. நீங்க தைக்கலாம். போகாதீங்க அத்தை. எங்கமேல கோபம்னா திட்டுங்க, அடிங்க. இப்படி வீட்டை விட்டுப் போகாதீங்க."

மாமியார் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கையை விடுவித்தார். "வீட்டை விட்டு யாரு போறா? என் கூட வேலை பாத்தவ ஒருத்தி ரெண்டு தெரு தள்ளித் தையல் கூடம் வச்சிருக்கா. ரொம்ப நாளா வா வான்னு கூப்பிடறா. அங்க கையால பேசறவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. காலையில போயிட்டு சாயங்காலம் வருவேன்."

"முன்னாடியே ஏன் போகலை?"

"நீ பகல் பூரா வீட்ல ஒண்டியா கிடப்பியே, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமன்னுதான் போகலை."

மருமகள் வாயைப் பிளந்தாள். "நான் உங்களுக்குத் துணையா இருக்கணும்னுதானே அத்தை இந்த வேலைக்கே இவ்வளவு பாடுபட்டேன்!"

"என்னைக் கேட்டியா?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது மாமியார்தான். தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. வேன்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

மருமகளின் போன் மினுங்கியது. மகன் செய்தி அனுப்பியிருந்தார்: "என்ன ஆச்சு? அம்மா சமாதானம் ஆயிட்டாங்களா? தனியா விட்டுடாதே." அவள் அதை மாமியாரிடம் காட்டினாள்.

"பதில் போடாதே" என்றார் மாமியார். "வந்து பாக்கட்டும்."

வேன் கதவைத் திறந்து ஏறப் போனவரை மருமகள் பிடித்து நிறுத்தினாள். சிரித்த முகத்தில் இப்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அப்போ நான் எதுக்கு அத்தை வீட்ல உக்காந்து வேலை பாக்கணும்? பேசாம அந்த ஊருக்கே போயிருக்கலாமே."

மாமியார் பையைக் கீழே வைத்தார். இதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"அசடு. நாள் பூரா தையல் கூடத்துல வேலை பாத்துட்டு ஒருத்தி களைச்சுப்போய் வீட்டுக்கு வரா. அங்க இவ என்ன சொன்னா, அவ எதுக்கு முறைச்சான்னு அவளுக்கு ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் அவ யார்கிட்ட வந்து சொல்லுவா? பூட்டின கதவுகிட்டயா?"